நாற்சந்தியில் நிற்பவள்

கொடுமைக்கு உள்ளானவளைப் பெண் என்று மட்டும் நோக்கினால் அவள் துயரம் முழுமையாகப் புலப்படுமா? அமெரிக்கக் கறுப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, 1991இல் ஸ்டான்ஃபோர்டு சட்ட ஆய்விதழில் எழுதிய நெடுங்கட்டுரை இவ்வினாவை ஆராய்கிறது. 1989இல் தாம் முன்வைத்த 'குறுக்குவெட்டு' என்னும் கருத்தை, பெண்கள் மீதான வன்முறைக்கு அவர் இதில் பொருத்திக் காட்டுகிறார்.

கட்டுரையின் வலிமை அதன் சான்றுகளில் உள்ளது. 1986ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் திருத்தப்படி, அமெரிக்கக் குடிமகனை மணந்து வந்த பெண் நிரந்தர வதிவுரிமைக்கு ஈராண்டு காத்திருக்க வேண்டும். நாடு கடத்தப்படும் அச்சத்தால் பலர் அடிக்கும் கணவரோடே வாழ்ந்தனர். 1990இல் விலக்கு வந்தது. எனினும் அதைப் பெற மருத்துவர், காவலர், சமூகப் பணியாளர் போன்றோரின் சான்று தேவைப்பட்டது. மொழியறியாமல் வீட்டுக்குள் அடைபட்டவள் அவர்களை எங்ஙனம் அணுகுவாள்? ஆங்கிலம் தெரியாத காரணத்தால் ஸ்பானிய மொழி பேசும் பெண்ணொருத்தியைப் புகலிடமொன்று ஏற்க மறுத்ததையும் கிரென்ஷா பதிவு செய்கிறார்.

நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது வேறோர் இடம். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை, குடும்ப வன்முறைப் புள்ளிவிவரங்களைப் பகுதிவாரியாகத் தர மறுத்தது. இது சிறுபான்மையினரின் சிக்கல் என்று ஒதுக்கப்படும் எனச் செயற்பாட்டாளர் அஞ்சினர். கறுப்பினத்தார் முரடர் என்னும் பழி வலுக்கும் எனச் சமூகத்தார் அஞ்சினர். இரு அச்சங்களும் பொய்யல்ல. ஆயினும் அடிபட்டவளின் துயரம் அவற்றின் இடையே மறைக்கப்பட்டது.

இனமும் பாலினமுமே கட்டுரையின் மையம். சமய அடையாளம் அதில் தனித்து ஆராயப்படவில்லை. அவ்விடைவெளியை நம் நாட்டு அனுபவம் நிரப்பும். 2002இல் குஜராத்தில் பில்கிஸ் பானு வன்கொடுமைக்கு உள்ளானது பெண் என்பதாலா, முஸ்லிம் என்பதாலா எனப் பிரித்தறிய இயலாது. 2008இல் தண்டிக்கப்பட்ட குற்றவாளிகள் 2022இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்து செய்தது.

அவருக்காகக் குரல் கொடுப்பது நமக்கு எளிது. அங்கே அநீதி இழைத்தவர் வெளியார். நம் வீட்டுக்குள் அடிபடுபவளைப் பற்றிப் பேச நேர்கையில், 'பிறர் நம்மைப் பழிப்பரே' என்று நாம் தயங்குகிறோம். அப்பழிப்பு உண்மையானது, அதை எதிர்ப்பதும் கடமையே. ஆனால் அதற்கான விலையை அவள் ஒருத்தி மட்டும் தன் உடலால் செலுத்த வேண்டும் என்பது நீதியன்று. ழுல்மு எவர் கையால் நிகழினும் ழுல்முதான்.