கேசியோ 991இஎஸ் பிளஸ்: நுண்கணிதத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ், புரோகிராம் எழுத முடியாத அறிவியல் கால்குலேட்டர் வகையைச் சேர்ந்தது. பொறியியல் கல்லூரித் தேர்வு அறைகளில் இந்த வகைக்குத்தான் அனுமதி உண்டு. ஃபோட்டோமேத், வுல்ஃப்ராம் ஆல்ஃபா போன்ற செயலிகள் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டினாலும் செல்போனோடு சேர்ந்து அவையும் அறைக்கு வெளியே நின்றுவிடும். அதனால் முதல் செமஸ்டர் மாணவர் வாங்கும் முதல் கருவி பெரும்பாலும் 991 வரிசையில் ஒன்றாக இருக்கிறது. நிறுவனக் கணக்குப்படி இதில் 417 செயல்பாடுகள் உள்ளன. நான்கு ஆண்டுகளில் கைபடுவது அவற்றில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதன் முதல் பலம் திரை. 96-க்கு 31 புள்ளிகள் கொண்ட சிறிய திரைதான் என்றாலும் பின்னம், வர்க்கமூலம், தொகைக்குறி, அதன் மேல் எல்லை, கீழ் எல்லை எல்லாம் புத்தகத்தில் அச்சானது போலவே தெரியும். பழைய 991எம்எஸ் மாடலில் தொகையிட வேண்டிய சார்பையும் இரண்டு எல்லைகளையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் கண்ணில் படாது. விடை மட்டும் தப்பாக வரும். கால்குலேட்டர் தவறுகளில் பெரும்பாலானவை கணக்கில் நேர்பவை அல்ல, உள்ளீட்டில் நேர்பவை. ஆகவே திரையின் அருமை அழகு சார்ந்தது மட்டும் அல்ல.

தொகையிடலில் இந்தக் கருவி செய்வது என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். அது சூத்திரம் தராது. எல்லைகள் கொடுத்தால் எண் தரும், அவ்வளவுதான். காஸ்-குரோன்ராட் என்ற எண்முறையில், இடைவெளிக்குள் தேர்ந்தெடுத்த சில புள்ளிகளில் சார்பின் மதிப்பை எடுத்து, தக்க எடைகளோடு கூட்டி விடை காண்கிறது. எம்எஸ் மாடல் பயன்படுத்துவது சிம்சன் விதி. எத்தனை கூறுகளாகப் பிரிப்பது என்பதையும் அங்கே மாணவரே சொல்லலாம். காஸ்-குரோன்ராட் முறையின் வலிமை தெரிய ஒரு சோதனை போதும். இ-யின் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் அடுக்கை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 0.7468241328 என்று வருகிறது. பத்து இலக்கமும் சரி. வழக்கமான சார்புகளைக் கொண்டு எழுத முடியாத தொகை இது. எத்தனை பக்கம் எழுதினாலும் காகிதத்தில் முடிவுக்கு வராது.

அதே சார்பு கருவியின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கும். மேல் எல்லை முடிவிலி என்றால், அதற்கான விசை இல்லாததால் மாணவர்கள் பத்து லட்சம் போன்ற பெரிய எண்ணைப் போடுவது வழக்கம். விடை 0 என்று வரும். சார்பின் மேடு முழுவதும் பூஜ்யத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கருவி தொட்டுப் பார்க்கும் புள்ளிகளோ ஆயிரக்கணக்கான அலகு தள்ளி விழுகின்றன. எல்லையை 6 என்று சுருக்கிக் கொடுத்தால் 0.8862269255 கிடைக்கும். பை-யின் வர்க்கமூலத்தில் பாதி அது. எண் பெரிதானால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது.

ரேடியன் பிரச்சினை இன்னும் சாதாரணமானது, இன்னும் அதிக மதிப்பெண்ணைத் தின்பது. சைன் எக்ஸை 0 முதல் பை வரை தொகையிட்டால் 2 வர வேண்டும். கருவி பாகையில் இருந்தால் 0.0861 வரும். எச்சரிக்கை எதுவும் வராது. திரையின் மேல் ஓரத்தில் உள்ள ஒற்றை எழுத்து மட்டுமே சாட்சி. ஷிஃப்ட், மோடு, 4 என்று அழுத்தினால் ரேடியனுக்கு மாறும்; கடைசியில் 3 அழுத்தினால் பாகைக்குத் திரும்பும். இருமடித் தொகையை நேரடியாகப் போட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். தொகைக்குறிக்குள் இன்னொரு தொகைக்குறியைக் கருவி ஏற்காது. உள் தொகையைக் கையால் முடித்துவிட்டுத்தான் வெளித் தொகைக்கு வர வேண்டும்.

வகையிடலும் எண்முறையில்தான் நடக்கிறது. கேட்ட புள்ளிக்கு இருபுறமும் சம தூரத்தில் மதிப்பெடுத்துச் சரிவைக் கணக்கிடுகிறது. மட்டு எக்ஸ் என்ற சார்புக்குப் பூஜ்யத்தில் வகைக்கெழுவே இல்லை. ஆனால் இருபக்கமும் மதிப்பு ஒன்றுபோல இருப்பதால் இந்த முறையில் சரிவு 0 என்றுதான் வரும். வகைமை உண்டா இல்லையா என்று கேட்கும் வினாவில் கருவியை நம்பக் கூடாது.

மற்றபடி, நுண்கணிதம் படிக்கும் மாணவருக்கு இதில் மிகப் பயனுள்ள வசதி இந்த வகையிடல் விசைதான். கையால் போட்ட தொகையைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி தேர்வறையில் இல்லை. எக்ஸ் காஸ் எக்ஸைத் தொகையிடச் சொன்னால், பகுதித் தொகையிடலை மறந்தவர் தனித்தனியே தொகையிட்டுப் பெருக்கி, எக்ஸ் ஸ்கொயர் பை 2 சைன் எக்ஸ் என்று எழுதிவிடுவார். எழுதிய விடையை ரேடியனில் வைத்து 1.3 என்ற புள்ளியில் வகையிட்டால் 1.4787 வரும். கொடுத்த சார்பின் மதிப்போ அங்கே 0.3477. தவறு அம்பலமாகிவிடும். சரியான விடையான எக்ஸ் சைன் எக்ஸ் பிளஸ் காஸ் எக்ஸை வகையிட்டால் இரண்டும் பொருந்தும். சோதனைக்கு 0 போன்ற சொகுசான எண்ணை எடுக்கக் கூடாது. இந்த எடுத்துக்காட்டிலேயே, பூஜ்யத்தில் சோதித்தால் தவறான விடையும் சரியாகத் தெரியும். பகுதி வகைக்கெழுவுக்கும் இதே விசை உதவும்: ஒய்-க்கு ஓர் எண்ணைச் சேமித்துவிட்டு எக்ஸைப் பொறுத்து வகையிட்டால் போதும்.

நுண்கணிதத்தைத் தாண்டிப் பொறியியல் பாடங்களுக்கு வந்தால் கருவி இன்னும் தாராளமாக உதவுகிறது. மாறுமின்சாரச் சுற்றில் 100 வோல்ட்டை 30 பிளஸ் 40ஐ ஓம் மின்மறுப்பால் வகுக்க, மோடு 2-இல் அப்படியே எழுதலாம். 1.2 மைனஸ் 1.6ஐ என்று விடை வரும். ஷிஃப்ட், 2, 3 அழுத்திச் சமன்குறி போட்டால் 2 ஆம்பியர், மைனஸ் 53.13 பாகை. இங்கே பாகையில் இருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. கணிதத் தேர்வுக்கு மாற்றிய ரேடியனை மாற்ற மறந்தவர் சுற்றுத் தேர்வில் மாட்டிக்கொள்வார். மெஷ் முறையில் வரும் மூன்று மாறிச் சமன்பாடுகளையும், கட்டுப்பாட்டு அமைப்புப் பாடத்தில் வரும் முப்படிச் சமன்பாடுகளையும் மோடு 5 உடனே தீர்க்கும். நான்காம் படி வந்தால் கைவிரித்துவிடும்.

சால்வ் விசை நியூட்டன் முறையைப் பயன்படுத்துகிறது. குழாய் ஓட்டத்தில் உராய்வுக் கெழுவைத் தரும் கோல்புரூக் சமன்பாட்டில், தேட வேண்டிய கெழு இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும். வழவழப்பான குழாய், ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சம் என்று கொடுத்து, 0.02-இல் தேடலைத் தொடங்கினால் 0.018 கிடைக்கிறது. கையால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வேலை மிச்சம். தொடக்க மதிப்பைக் குறை எண்ணாகக் கொடுத்தால் வர்க்கமூலம் இடிக்கும், பிழைச் செய்தி வரும். பல மூலங்கள் உள்ள சமன்பாட்டில் ஒன்றைத்தான் காட்டும். எது வரும் என்பது தொடங்கும் இடத்தைப் பொறுத்தது.

எம்எஸ் மாடலிலும் அணி, கலப்பெண், முப்படிச் சமன்பாடு உண்டு. ஆனாலும் திரைக்காகவும் தொகையிடலுக்காகவும் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். புதிய 991சிடபிள்யூ நான்கு மாறிகளையும் நான்காம் படியையும் தீர்க்கும். ஆனால் அதில் தொகைக்குறியைப் பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டும், அவசரத்தில் அது எரிச்சல். கேட் தேர்வை மட்டும் குறிவைப்பவருக்கு எதுவும் தேவையில்லை. அங்கே திரையில் தரப்படும் கால்குலேட்டர்தான், அதில் தொகையிடலும் சமன்பாடு தீர்ப்பதும் கிடையாது.

13 மதிப்பெண் வினாவுக்கு வழிமுறை வேண்டும். இந்தக் கருவி ஒரு வரியையும் எழுதித் தராது. எழுதிய விடை சரியா என்று பார்த்துக்கொள்ள நினைப்பவர் இஎஸ் பிளஸை வாங்கலாம்.