பேரலுக்கு முந்தைய ஓர் அங்குலம்

ஏர் ரைபிள் வாங்க வருபவர்கள் முதலில் விசாரிப்பது பேரலை. அடுத்து டிரிகர், அப்புறம் ஸ்கோப். மேகசினைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை பெல்லட் பிடிக்கும்? ஆனால் பெல்லட்டின் நேர்த்தி கெடுவது பல நேரம் பேரலுக்குள் போவதற்கு முன்பே. அதனால் ஜெர்மனியின் வைரௌஹ் நிறுவனத்தின் ஹெச்டபிள்யூ 100 ரைபிள், 4.5 மி.மீ. வகை, கைக்கு வந்தபோது அந்த ஓர் அங்குல தூரத்தைத்தான் முதலில் ஆராய்ந்தேன்.

இதன் மேகசின் 14 பெல்லட் கொள்ளும் உலோக உருளை. பக்கவாட்டு லீவரைப் பின்னுக்கு இழுத்தால் அடுத்த துளை பேரலுக்கு நேரே வருகிறது. முன்னுக்குத் தள்ளினால் புரோப் என்கிற மெல்லிய தண்டு துளைக்குள் புகுந்து பெல்லட்டைப் பேரலில் கொண்டுபோய் வைக்கிறது.

பெல்லட் மென்மையான ஈயம். பரவலாகப் பயன்படும் 8.44 கிரெயின் பெல்லட்டின் எடை அரை கிராமுக்குச் சற்றே அதிகம். தலைப்பகுதி திடமானது, பின்பகுதி உள்ளே குடைந்து, பாவாடைபோல் விரிந்திருக்கும். அந்த மெல்லிய விளிம்பு எளிதில் நசுங்கும்.

தவறு நேரக்கூடிய இடங்கள் மூன்று. மேகசின் துளையும் பேரல் வாயும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், தலையின் ஒரு பக்கத்து ஈயம் சீவப்படும். அதனால் எடை மையம் விலகும் பெல்லட், சுழன்றபடி பறக்கும்போது பாதை மாறும். அடுத்தது புரோப்பின் நுனி. அது பெல்லட்டின் பின்குழிக்குள் நுழைந்து தலையின் பின்பக்கத்தைத் தள்ள வேண்டும். விளிம்பில் முட்டினால் பெல்லட் சாயும், நசுங்கும். மூன்றாவது நீளம். காற்று வரும் துளையைத் தாண்டிப் பெல்லட்டைப் புரோப் வைக்காவிட்டால், காற்று பெல்லட்டின் பக்கவாட்டில் மோதும். புரோப் தடிமனாக இருந்தாலோ காற்றின் வழியை அதுவே அடைத்துக்கொள்ளும். இவை தவிர, காற்றைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் தேய்ந்து காற்று கசிந்தால் வேகம் ஏறி இறங்கும். தூரக் குறிகளில் துளைகள் மேலும் கீழுமாக விழும்.

25 மீட்டரில், ஒரே டப்பா பெல்லட்டுகளை மேகசின் வழியாகவும், ஒவ்வொன்றாக வைக்கும் தனித்தட்டு வழியாகவும் சுட்டுப் பார்த்தேன். ஹெச்டபிள்யூ 100-இல் குறித்தாளில் விழுந்த இரண்டு துளைக் குழுக்களுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. பேரலில் ஏற்றிய பெல்லட்டை வெளியே எடுத்துப் பார்த்தபோதும் தலையில் கீறல் இல்லை, விளிம்பு வட்டமாகவே இருந்தது. உருளை ஆட்டமின்றி உட்காருவதன் பலன் இது.

ஒப்பிடுவதற்கு எடுத்த இன்னொரு ரைபிளின் பிளாஸ்டிக் மேகசின் இருக்கையில் லேசாக ஆடியது. ஏற்றி எடுத்த பெல்லட்டுகளின் தலையில் ஒரே பக்கம் சீவல். குறித்தாளில் துளைகள் சிதறின. அதே பேரலில் தனித்தட்டால் ஏற்றியதும் குழு சுருங்கியது. குற்றவாளி பேரல் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பதக்கங்கள் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மி.மீ. அங்கே ஒவ்வொரு பெல்லட்டும் கையால்தான் ஏற்றப்படுகிறது. நல்ல மேகசின் என்றால் அந்தக் கையின் கவனத்தை இயந்திரத்தால் தர வேண்டும். ஹெச்டபிள்யூ 100 அதைத் தருகிறது. விலை அதிகம் என்றாலும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

உங்கள் ரைபிள் குறி தப்பினால், பேரலை மாற்றச் செலவழிக்கும் முன் தனித்தட்டில் சுட்டுப் பாருங்கள். குழு சுருங்கினால் மேகசினையும் புரோப்பையும் கவனியுங்கள். பெல்லட்டை வெளியே எடுத்துச் சோதிப்பதாக இருந்தால், காற்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே மிச்சக் காற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.