பதினாறு கேள்விகளும் ஒரு வகுப்பறையும்

பிளஸ் டூ படிக்கும்போது என் சொந்தக்காரப் பையன் ஒருவன் பேச்சைக் குறைத்தான், குளிப்பதை விட்டான், ராத்திரி முழுக்க முழித்திருந்தான். கோலியனூரில் முதலில் "பரீட்சை பயம்" என்றார்கள். அப்புறம் "காத்து கருப்பு". மனநல மருத்துவரிடம் போய்ச் சேர இரண்டு வருஷம் ஆனது. அதனால், மனச்சிதைவின் முன்னறிகுறி இருக்கிறதா என்று பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கலாமே என்று யாராவது சொன்னால், எனக்குக் கை தட்டத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்ததும் தட்டிய கை நின்றுவிட்டது.

இதற்கு அடிக்கடி காட்டப்படுகிற கருவி பிக்யூ-16. நெதர்லாந்தில் 2012ல் வந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்கிற 16 கேள்விகள். ஆறு 'ஆம்' வந்தால் மேற்கொண்டு நேர்காணல். இருப்பவரைப் பிடிப்பதில் 87 சதவீதம், இல்லாதவரை விடுவதில் 87 சதவீதம் என்கிறார்கள். நல்ல எண்தான். ஆனா அது ஏற்கெனவே மனநல உதவி தேடி வந்தவர்களிடம் எடுத்தது.

அதே எண்ணை ஆயிரம் மாணவர்கள் படிக்கும் பள்ளிக்குக் கொண்டு வருவோம். நிஜமாகவே ஆபத்தில் இருப்பவர்கள் 10 பேர் என்று வைத்துக்கொண்டால் 9 பேர் சிக்குவார்கள். மீதி 990 பேரில் சும்மா சிக்குவது 129 பேர். பட்டியலில் பதினைந்து பெயருக்கு ஒன்றுதான் சரி. 20 பேர் என்று தாராளமாக வைத்தாலும் எட்டுக்கு ஒன்று. சாஃப்ட்வேரில் இப்படித் தப்பாக அலறுகிற அலாரத்தை இரண்டாம் நாளே அணைத்துவிடுவோம்.

அந்த ஒன்றும் நோய் அல்ல, வெறும் வாய்ப்பு. மருத்துவமனைகளில் 'அதிக ஆபத்து' என்று கண்டவர்களை ஃபுசார்-போலி குழு 2012ல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று ஆண்டில் நோயாக மாறியது சுமார் 36 சதவீதம். டிஎஸ்எம்-5கூட 2013ல் இந்த நிலையை 'மேலும் ஆராய வேண்டியவை' பகுதியில்தான் வைத்தது.

கேள்விகளும் உறுத்துகின்றன. பிறருக்குக் கேட்காதது கேட்கிறதா, பிறருக்கு வராத வாசனை வருகிறதா, ஏற்கெனவே நடந்த மாதிரி தோன்றுகிறதா? புத்துவாய் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்ன டிக் அடிக்கும்? ஊரை விடுங்கள், பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோதும் 9-12 வயதில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இம்மாதிரி அனுபவம் உண்டு. 13-18 வயதில் 7.5 சதவீதம். பெரும்பாலும் தானாகவே போய்விடுகிறது. பட்டியலில் ஏறிய பெயர் அப்படிப் போகாது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும்.

சென்னையில் மனச்சிதைவு இருந்தவர்களைப் பற்றி 1998ல் ஓர் ஆய்வு வெளியானது. 261 பேரில் 75 பேர் எந்த சிகிச்சையுமே எடுக்கவில்லை. நோய் கண்ணுக்குத் தெரிந்தவர்களே இப்படி விடுபடுகிறார்கள். சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய ஆய்வு எனக்குப் பிடிப்பது இதனால்தான். முதல் முறை நோய் வந்தவர்களை இரண்டு ஊரிலும் இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். சென்னையில் குடும்பம் சிகிச்சையோடு நெருக்கமாக ஒட்டி நின்றது.

எங்க பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் திடீரென்று வாலிபால் ஆட வராததை பி.டி. மாஸ்டர் அப்போதே கவனித்திருக்கிறார். "யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல சார், விட்டுட்டேன்" என்றார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை பஸ் போகிற தூரம்தான்.