இறக்கிவைத்த காணொளியும் ஏறாத கணக்கும்

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஆரி வேலை சொல்லித்தருகிறார். ஊசி ஏறி இறங்குவது தெரியும்படி போனை நெருக்கி நிறுத்தி, படம்பிடித்து யூடியூபில் போடுகிறார். ஒரு காணொளி 18 நிமிடம். சங்கிலித் தையல் கைக்கு வரும்வரை, கற்கிறவர் அதைப் பத்து முறையாவது பார்ப்பார். யூடியூபிலேயே பார்த்தால் அக்காவின் கணக்கில் 3 மணி நேரம் ஏறும். வேறொரு செயலியால் இறக்கிவைத்துப் பார்த்தால் எதுவும் ஏறாது.

நீண்ட காணொளிகளை நம்பியிருக்கும் சேனல், விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் காட்ட வேண்டும். 2018இல் வந்த விதி இது. அதைத் தாண்டினால் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு கிடைக்கும். தாண்டும்வரை விளம்பரத்திலிருந்து ஒரு காசும் வராது. பெரிய சேனலுக்கு 3 மணி நேரம் தூசு. அக்காவுக்கு அப்படியில்லை. அதிலும், தையல், சமையல், பாடம் என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதைத்தான் மக்கள் இறக்கிவைக்கிறார்கள். அதிகம் உதவுகிற காணொளிக்கே இழப்பும் அதிகம்.

அதற்காக இறக்குகிறவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொட்டை மாடியில் மட்டும் சிக்னல் கிடைக்கிற ஊரில் இருக்கும் ஒரு பெண், இறக்காவிட்டால் காணொளியைப் பார்த்தே இருக்கமாட்டாள். அங்கே அக்கா எதையும் இழக்கவில்லை. ஒரு மாணவியைப் பெற்றார். இந்தத் தேவைக்காகவே 2017இல் இந்தியாவுக்கு வந்த யூடியூப் கோ செயலியும் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிரீமியம் கட்டி யூடியூபுக்குள்ளேயே இறக்கினால் பார்த்த நேரம் பிறகு கணக்கில் சேரும், படைத்தவருக்குப் பங்கும் போகும். கட்ட முடிந்தவர்களாவது அந்த வழியில் போகலாமே.

என்னைக் கொதிக்கவைப்பது, இறக்கியதை வெட்டித் தன் பெயரில் ஏற்றுவது. அக்காவின் காணொளிக்கு அதுவும் நடந்தது. வேறொரு சேனலில், அறிமுகப் பேச்சு நீக்கப்பட்டு, பாட்டு சேர்க்கப்பட்டு ஓடியது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீலத் துணியையும் தன் கண்ணாடி வளையலையும் வைத்துத்தான் அவரே அடையாளம் கண்டார். நகலைத் தானாகக் கண்டுபிடிக்கும் கான்டென்ட் ஐடி வசதி பெரும் உரிமையாளர்களுக்கே கிடைக்கிறது. அக்காவுக்கு இருந்தது புகார்ப் படிவம் ஒன்றுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்பினோம். காணொளியை நீக்கினார்கள். அங்கே சேர்ந்திருந்த பார்வை நேரம் அக்காவின் கணக்குக்கு வரவில்லை.