வேகம் வேண்டாம் என்றவர்: ஸ்காட் ஜாப்லினும் ராக்டைம் இசையும்

எங்கள் மாடி வீட்டுச் சிறுமி பியானோ பழகுகிறாள். போன மாதம் முழுவதும் ஒரே உருப்படிதான். "மாமா, எவ்வளவு ஸ்பீடா வாசிக்கிறேன் பாருங்க" என்று பெருமையாக வாசித்துக் காட்டினாள். ஸ்காட் ஜாப்லின் 1902-இல் வெளியிட்ட 'தி எண்டர்டெய்னர்'. விரல் ஓட்டம் அபாரம்தான். ஆனால் ஜாப்லின் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். அந்த இசைத்தாளின் தலைப்பிலேயே 'வேகம் வேண்டாம்' என்ற குறிப்பு உண்டு. வேறு பல உருப்படிகளிலும், ராக்டைமை விரைந்து வாசிப்பது ஒருபோதும் சரியன்று என்று அச்சிட்டே வைத்தார். துள்ளலுக்குப் பேர்போன இசையை ஆக்கியவரே ஏன் கடிவாளம் போட்டார்? ராக்டைமின் உயிர் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டத் தாளங்களும் ஐரோப்பிய வழிவந்த அணிவகுப்பு இசையும் கூடிப் பிறந்தது ராக்டைம். இடக்கை சிப்பாய் நடைபோலச் சீராக அடியெடுத்து வைக்கும். வலக்கையோ அந்த அடிக்குச் சற்று முன்னும் பின்னுமாக அழுத்தம் கொடுத்து, அதனோடு மல்லுக்கட்டும். காலத்தைக் கந்தலாக்குவதால் இப்பெயர் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

'இது என்ன பெரிய விஷயம், அனாகத எடுப்பு நம்மிடம் இல்லையா?' என்று கர்நாடக இசை கேட்டுப் பழகிய அன்பர்கள் கேட்கலாம். உண்மை, தாளத்தைத் தள்ளி எடுக்கும் சுகம் நம் காதுக்குப் புதிதல்ல. ஆனால் ஒப்புமையை ரொம்ப நீட்டக் கூடாது. நம் எடுப்பு, பாட்டு தொடங்கும் இடத்தைப் பற்றியது. ராக்டைமிலோ ஒவ்வொரு சொற்கட்டுக்குள்ளும் அழுத்தம் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும்.  மேலும், ஜாப்லினின் ராக்டைம் எழுதிவைத்து வாசிக்கும் இசை. மனோதர்மத்துக்கு முதலிடம் தந்தது பின்னால் வந்த ஜாஸ்.

சரி, வேகத்துக்கு வருவோம். விரைந்து வாசித்தால் இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள இழுபறி காதில் விழாமல் போய்விடும். மிஞ்சுவது வெறும் குதிரைப் பாய்ச்சல். நிதானமாக வாசித்தால்தான், வலக்கை ஒரு கணம் தயங்கி வந்து சேரும் இடம் நெஞ்சில் படும். அதற்காக மந்தமாக இழுக்கச் சொல்லவில்லை. ஆடுகிற கால் ஆடத்தான் வேண்டும்.

இது இசை நுட்பம் மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட என்பது என் துணிபு. ஜாப்லின், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன். அவர் காலத்தில், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் மேடைக் கூத்துகளும், அதே ரகப் பாட்டுகளும் சந்தையில் அமோகமாக விலைபோயின. ராக்டைம் என்ற முத்திரை அவற்றின்மேலும் குத்தப்பட்டது. 'மெல்ல வாசியுங்கள்' என்று அவர் கேட்டதில், 'இதைக் கோமாளித்தனமாக எண்ணாதீர்கள்' என்ற வேண்டுகோளும் ஒலிப்பதாகவே கொள்கிறேன்.

அந்த மரியாதை ஓரளவு கிடைக்கவும் செய்தது. 1899-இல், மிசௌரி மாநிலத்துச் செடாலியா ஊரில் ஜான் ஸ்டார்க் என்ற வெள்ளையர் 'மேப்பிள் லீஃப் ராக்'கை வெளியிட்டார். பிரதிக்கு ஒரு சென்ட் உரிமைத்தொகை என்று ஒப்பந்தம். கறுப்பினக் கலைஞர்கள் சில டாலருக்கு உருப்படியையே விற்றுவிட்டுப் போன காலத்தில் இது பெரிய காரியம்! ஆனால் கல்வியே மீட்சி என்று சொல்லும் 'ட்ரீமோனிஷா' என்ற இசைநாடகத்தை 1911-இல் அவர் கைக்காசு போட்டே அச்சிட வேண்டியிருந்தது. அது முழுமையாக மேடையேறுவதைப் பார்க்காமலேயே 1917 ஏப்ரல் 1-இல் நியூயார்க்கில் காலமானார். 1974 வரை அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை.

1970-இல் ஜோஷுவா ரிஃப்கின் நிதானமாக வாசித்த இசைத்தட்டு வெளிவந்து, ஜாப்லினை மீண்டும் அரங்குக்கு அழைத்துவந்தது. 1973-இல் 'தி ஸ்டிங்' திரைப்படம் உலகப்புகழ் தேடித் தந்தது. 1976-இல் புலிட்சர் சிறப்பு விருதும் வந்தது. படத்தால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கதை நடப்பது 1936-இல். ராக்டைம் மோகம் அடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. காலம் மாறி வந்து உட்கார்ந்த இந்த இசை, எத்தர்களின் குறும்புக்குப் பின்னணி என்றே பலர் மனதில் பதிந்துபோயிற்று. ஆனால் அதே படத்தில் 'சோலேஸ்' (1909) என்ற உருப்படியும் ஒலிக்கிறது. அங்கே இடக்கை அணிவகுப்பு நடையை விட்டு, தளர்ந்த ஹபனேரா தாளத்தில் அசைகிறது. துக்கம் இருக்கிறது, புலம்பல் இல்லை. ராக்டைம் என்றால் கும்மாளம்தானே என்பவர்கள் இதை ஒருமுறை கேட்கட்டும்.

நூறாண்டு தாண்டியும் இந்த இசை நிலைப்பதற்குக் காரணம், சிரிப்பையும் வலியையும் இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் ஏந்தியிருப்பதுதான் எனலாம்.

நேற்று அந்தச் சிறுமியிடம் வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். அரைமனதோடு வாசித்தாள். முடித்துவிட்டு, "மாமா, மெதுவா வாசிக்கறதுதான் கஷ்டம்" என்றாள். ஜாப்லினுக்கு அது தெரியும்.