குப்பிக்குள் தறி இல்லை

குப்பிக்குள் செய்த சிற்பத்தைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எப்படிங்க உள்ளே போச்சு?" நானும் அதையேதான் கேட்டேன். முத்தியால்பேட்டையில் என் பெரியப்பா வீட்டு ஷோகேஸில் ஏழு பாட்டில்கள் இருக்கின்றன. (பாண்டியில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்!) பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுனியை வளைத்த குடைக்கம்பியால் ஒவ்வொரு துண்டாகக் கழுத்து வழியே இறக்கி உள்ளேயே ஒட்டுகிறார். கப்பல் என்றால் வேறு தந்திரம். பாய்மரங்களை மடக்கிப் படுக்கவைத்து நுழைத்துவிட்டு, வெளியிலிருந்து நூலை இழுத்தால் எழுந்து நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் அந்தப் பாட்டில்களைப் பார்க்கவே தொடங்கவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது. 'எப்படி' என்கிற கேள்வி 'என்ன' என்பதை விழுங்கிவிடுகிறது. செய்திகளிலும் இதே கதைதான்: எத்தனை நாள், எத்தனை தீக்குச்சி, என்ன சாதனை. ஒரு நாவலுக்கு எத்தனை பேனா தீர்ந்தது என்று மட்டும் மதிப்புரை எழுதுவோமா?

ஜெர்மன் மொழியில் இதற்குப் 'பொறுமைக் குப்பி' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவின் சுரங்க ஊர்களில் செய்த குப்பிகளுக்குள் சுரங்கமே இருக்கிறது: அடுக்கடுக்காகத் தளங்கள், பாறையைக் குடையும் குட்டி ஆட்கள். மாலுமிகள் தங்கள் கப்பலை அடைத்தார்கள். 2010இல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் யிங்கா ஷோனிபரே வைத்த ராட்சதக் குப்பிக்குள்ளும் கப்பல்தான், நெல்சனின் 'விக்டரி'. ஆனால் அதன் 37 பாய்களிலும் ஆப்பிரிக்கத் துணி என்று நாம் நினைக்கிற வண்ணங்கள். அந்தத் துணியோ இந்தோனேசிய பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. அந்தக் குப்பி முன்னால் 'எப்படிப் போச்சு' என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

பெரியப்பாவின் ஏழில் மூன்று தாஜ்மகால். ஒன்று ஈஃபில் கோபுரம்.

எனக்கு இது உறுத்துகிறது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 ஆலைத் தொழிலாளர்கள் செத்த ஊர் இது. எட்டு மணி நேர வேலையைப் போராடி வாங்கிய ஊர். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டாயிற்று. முப்பது வருஷம் தறியோடு நின்றவர் கையிலிருந்து ஆக்ரா ஏன் வருகிறது?

"ஏன் பெரிப்பா, ஒரு தறி பண்ணலாம்ல?"

"தறிய எவன்டா பாப்பான்? தாஜ்மகால்னா கேட்டு வாங்கிட்டுப் போறான்."

நியாயமான பதில். ஆனாலும் அந்தத் தாஜ்மகால்கள் மோசம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தெர்மாகோல் கும்மட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, மினார்கள் உருகின மெழுகுவத்தி மாதிரி.

கீழ்த்தட்டில், பழைய டார்ச்சுக்குப் பின்னால், ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கிறது. கட்டைவிரல் நீளம். கயிற்றுக்குப் பதில் பருத்தி நூல், பாட்டிலுக்குள்ளேயே பின்னியது. எங்கேயும் ஒரு இழை பிசகவில்லை. நூல் அறுந்த ஓர் இடத்தில் முடிச்சை அடிப்பக்கம் தள்ளியிருக்கிறார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது மில்லு முடிச்சுடா."

இதை விற்பீங்களா என்று கேட்டேன். "அத யாரு கேட்டா?" என்று டி.வி.யைப் போட்டார்.