உருளும் ஸ்டூடியோவில் நான்கு நாள்

இன்ஜின், பேட்டரி, கேமரா எல்லாம் பிறகு. முதலில் இந்த வண்டியின் வாசனையைச் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறந்ததும் ஃபினாயில் நெடி மூக்கில் ஏறும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. "ஒரு மணமும் இருக்கக் கூடாதுங்ணா. முந்தி வந்த நாயோட மணம் கொஞ்சம் இருந்தாலும், அடுத்து வர்ற நாய் தரையைத்தான் பார்க்கும். கேமராவத் திரும்பிக்கூடப் பார்க்காது" என்றார் வண்டிக்காரப் பெண்மணி. கோவைக்காரர். நாய், பூனைகளைப் படம் எடுப்பதுதான் தொழில். ஃபினாயில் ஊற்றினால் அந்த நெடிக்கு நாய் வெளியே ஓடுமாம். அதனால் சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் திரவம், பிறகு வெறும் தண்ணீர், பிறகு பத்து நிமிடம் கதவு திறந்து வைப்பது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நடுவில் அரை மணி நேரம் இதற்கே போகிறது. ஒரு நாளைக்கு ஆறு நாய் என்று கணக்குப் போட்டு இறங்கியவர் இப்போது நாலோடு நிறுத்திக்கொள்கிறார்.

பங்குனிக் கடைசியில் அவரோடு நான்கு நாள் சுற்றினேன். கோவையில் புறப்பட்டு, பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாக ராஜபாளையம்.

வண்டி நமக்குப் புதிதல்ல. பள்ளிப் பிள்ளைகளையும் சபரிமலைக்குப் போகும் சாமிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிற உயரக் கூரை டீசல் வேன்தான். ஏழு வருடம் ஓடியதை ஒன்பது லட்சத்துக்கு வாங்கி, உள்வேலைக்கு இன்னொரு எட்டு லட்சம் செலவழித்திருக்கிறார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் மூன்று மீட்டர் நீளம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் ஸ்டூடியோ. நிமிர்ந்து நிற்கலாம். கையை இரண்டு பக்கமும் விரித்தால் சுவர் இடிக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டி என்பதால் வேகத்தடைக்கு வேகத்தடை பின்பாதி தூக்கிப் போடுகிறது. லென்ஸ்கள் எல்லாம் ஸ்பாஞ்ச் வெட்டிய பெட்டிக்குள் தூங்குகின்றன. கட்டிலில் படுத்த நான்தான் தூங்கவில்லை.

மூன்று மீட்டர் என்றால் தாராளம்போலத் தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். பின்திரைக்கும் நாய்க்கும் நடுவில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் நிழல் திரையில் விழும். கேமராவும் அதைப் பிடித்திருப்பவரும் உட்கார அரை மீட்டருக்கு மேல். மிச்சம் இரண்டு மீட்டர்கூட இல்லை. உருவப்படத்துக்கு எல்லோரும் விரும்புகிற 85 மில்லிமீட்டர் லென்ஸை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் போட்டால், இரண்டு மீட்டர் தூரத்தில் சட்டத்தின் நீளப் பக்கத்துக்குள் 85 சென்டிமீட்டர்தான் அடங்கும். தோள்பட்டை உயரமே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும் ராஜபாளையம் நாயை அதற்குள் எப்படி நிறுத்துவது? தலை இருந்தால் கால் இருக்காது. 35 மில்லிமீட்டருக்கு இறங்கினால் முழு நாயும் வரும், ஆனால் சட்டத்தை நிரப்ப நெருங்கிப்போனால் மூக்கு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு கேலிச்சித்திரம்போல நிற்கும். ஆக, வண்டிக்குள் பொமரேனியன், ஷிட்சூ, பூனை இவற்றுக்குத்தான் இடம். பூனைக்கு இது சொர்க்கம் என்றே சொல்வேன். சின்ன இடம், மூடிய கதவு, ஏறி உட்கார ஒரு பெட்டி. பொள்ளாச்சியில் ஒரு சாம்பல் பூனை படம் எடுத்து முடிந்த பிறகும் இறங்க மறுத்து, கட்டிலுக்கடியில் ஒரு மணி நேரம் குடியிருந்தது.

பின்திரைக்கு 1.35 மீட்டர் அகலக் காகிதச் சுருள்தான் உள்ளே நுழையும். நகம் பட்டால் கிழிகிறது என்று வினைலுக்கு மாறியிருக்கிறார். வினைலில் நாய்க்குக் கால் வழுக்கும், வழுக்கினால் பயப்படும், பயந்த நாயின் காது பின்னால் படிந்துவிடும். அதனால் வினைலுக்கு அடியில் ரப்பர் பாய், மேலே நாய் நிற்கும் இடத்தில் அதே நிறத்தில் ஒரு துண்டுக் கம்பளம். பார்க்கச் சின்ன விஷயம். படத்தில் காது நிமிர்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

மின்சாரம்தான் இந்த வண்டியின் நோஞ்சான் உறுப்பு. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. பெருக்கினால் சுமார் இரண்டரை யூனிட். விளக்குகளுக்கு அது ஏராளம். ஆனால் கூரையில் ஒரு டன் ஏசி உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் நிற்கும் தகர டப்பாவைக் குளிர்விக்க அது ஓயாமல் ஓடி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் குடிக்கிறது. இன்வெர்ட்டரில் போகிற இழப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். கூரையில் 400 வாட் சோலார் பலகை உண்டு. நல்ல வெயிலில் நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒன்றரை யூனிட்தான் தருகிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, அது மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூச்சிரைக்கும் நாயின் நாக்கு முழ நீளம் தொங்கும், படமும் கெடும், நாய்க்கும் ஆபத்து. எனவே ஏசி இல்லாமல் கதவைச் சாத்தவே கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். மதுரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு பேட்டரி காலியானதும், வாசலில் காத்திருந்த லாப்ரடாரைத் திருப்பி அனுப்பினார். முன்பணத்தையும் கொடுத்துவிட்டார். இந்தத் தொழிலுக்கு வண்டி கட்ட நினைக்கிறவர்கள் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து இரண்டாவது பேட்டரி வாங்கிவிடுங்கள்.

கேமராவில் இப்போது கவலை குறைவு. 2019-இல் சோனி விலங்குகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதியைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். நாய் தலையை ஆட்டினாலும் கண் துல்லியமாக விழுகிறது. ஆனால் கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் இருந்தால், நான் பார்த்தவரை, தடுமாறிவிட்டு மூக்கு நுனியில் போய் நிற்கிறது. கன்னி இன நாய் வந்தபோது இவர் வசதியை அணைத்துவிட்டுக் கையால் வளையத்தைத் திருப்பினார். ஃபிளாஷ் எப்போதும் பக்கவாட்டில் 45 பாகையில். நேராக அடித்தால் நாயின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பி அனுப்பி, கண் பச்சையாக எரியும்.

நான்கு நாளில் நான் மிகவும் ரசித்த சாதனம் பிரிண்டர். கேனன் செல்ஃபி சிபி1500, கையில் அடங்கும் பெட்டி, அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 41 விநாடி. தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும். முதல் முறை நாய் மஞ்சளாகத் தெரியும், அடுத்து சிவப்பு ஏறும், மூன்றாவதாக நீலம் ஏறியதும் உயிர் வந்துவிடும், கடைசியில் மேல்பூச்சு. வீட்டுப் பிள்ளைகள் நாயை விட்டுவிட்டு இதைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பிரிண்ட் கையில் கொடுத்த பிறகுதான் பெரிய ஃப்ரேமுக்கு ஆர்டர் வருகிறது.

சட்டத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று தனித் தரவிதி இருக்கிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்ன முதல் பட்டறையிலிருந்து இவர் அப்படியே திரும்பிவிட்டார். நல்ல காரியம். இன்னொன்று, ஏசியோடு சேர்த்து ஒன்பதரை அடி உயரம். எந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்குள்ளும் நுழையாது. தெருவில் நிறுத்தி வாட்ச்மேனிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு வண்டி வேண்டாம் என்று சொல்வேனோ என்றால், இல்லை. இதில் உருப்படியான ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது, ஆனால் அது உள்ளே இல்லை, வாசலில் இருக்கிறது. பக்கவாட்டு இழுகதவைத் திறந்து, மேலே சுருட்டி வைத்திருக்கும் பந்தல் துணியை இழுத்துவிட்டால் பத்தடிக்கு நிழல். நாய் கதவு விளிம்பில், பின்னால் வண்டியின் இருட்டு, முன்னால் வானத்தின் மென்மையான வெளிச்சம். எடுப்பவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். 85 லென்ஸுக்கு இப்போதுதான் வேலை. ஏசி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். பெரிய நாய்களை எல்லாம் அவர் இப்படித்தான் எடுக்கிறார்.

ராஜபாளையத்தில் அதைப் பார்த்தேன். 2005-இல் தபால்தலை ஏறிய இனம், அதன் ஊரிலேயே. வெண்ணெய்போல் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. அழைத்து வந்த பெரியவருக்கு எழுபது இருக்கும். "ஏம்மா, வேட்டைக்குப் போற சாதி இது. இதப் போயி வண்டியில ஏத்தி நிக்க வைக்கச் சொல்லுத?" என்றார். "உள்ள வேண்டாமுங்கய்யா, வாசல்ல நின்னாப் போதும்." அலுமினியச் சாய்வுப் பலகையில் தேங்காய்நார் மிதியடி ஒட்டியிருந்ததால் நாய் தயங்காமல் ஏறியது. பின்னால் இருட்டு, நடுவில் வெள்ளை நாய். கேமராவின் கணக்கு ஏமாந்து நாயை வெளுக்கடிக்கும் என்று வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொண்டார். பீப்பி பொம்மையை அமுக்கினார். நாய் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினார், விசில் அடித்தார். அசையவில்லை.

"அதுக்குக் காது கேக்காது தாயி" என்றார் பெரியவர். இந்த இனத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வருவதுதான்.

வண்டிக்காரப் பெண்மணி என்னைப் பார்த்தார். "அண்ணா, உள்ள போயி தரையில ஒரு மிதி மிதிங்க." மூன்று நாளாக நடந்தால் தகரக் கொட்டுபோல அதிர்கிறது என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்த அதே தரை. ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். பாதத்தின் வழியாக அதிர்வு ஏறியிருக்க வேண்டும். நாய் இரண்டு காதையும் தூக்கி, தலையைச் சாய்த்து, சட்டென்று திரும்பியது. அதற்குள் கேமரா ஏழெட்டு முறை சொடுக்கிவிட்டது.

41 விநாடி கழித்து வந்த பிரிண்டைப் பெரியவர் சட்டைப் பையில் வைக்கவில்லை. வேட்டி நுனியால் விரலைத் துடைத்துவிட்டு ஓரத்தில் பிடித்துக்கொண்டு, அதை நாயிடம் நீட்டிக் காட்டினார். நாய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.